செவிக்கும் எட்டும் ஆவணம்: எங்கள் கல்லூரி ஒரு தரநிலையைத் தேர்ந்தெடுத்த விதம்

பாளையங்கோட்டையில் உள்ள ஒரு கல்லூரியின் நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சென்ற ஆண்டு ஆடி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், முதுகலை வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார். துறையிலிருந்து எல்லா மாணவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டிருந்த பாடக்குறிப்பைத் திறந்துவைத்து, “சார், இதக் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்” என்று ஹெட்போனை என் பக்கம் நீட்டினார். திரையில் எனக்குத் தெரிந்தது பிழையற்ற, அழகான தமிழ். காதில் விழுந்ததோ ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்பது போன்ற எழுத்துக் குவியல். “நாற்பது பக்கம் சார், பூராவும் இப்படித்தான் வாசிக்கு” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. பள்ளிப் பருவத்திலிருந்தே இத்தகைய கோப்புகளுக்குப் பழகிப்போனவரின் குரல் அது.

அந்த வாரமே, கல்லூரி வெளியிடும் மின் ஆவணங்கள் அனைத்துக்கும் மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் படிக்க வகைசெய்யும் ஓர் அணுகல்தன்மைத் தரநிலையைத் தேர்ந்தெடுத்துப் பின்பற்ற வேண்டும் என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு குழுவை அமைத்தார். நானும், கணினி அறிவியல் துறைப் பேராசிரியை ஒருவரும், அலுவலகக் கண்காணிப்பாளரும், அந்த மாணவரும் அதில் இருந்தோம். மாணவரைச் சேர்க்காமல் குழு கூடக் கூடாது என்பதை நான் நிபந்தனையாகவே வைத்தேன். ஏழு மாதங்கள் கூடிக் கூடிப் பேசினோம். இதே வேலையைத் தொடங்க நினைக்கும் பிற கல்லூரியினருக்கும் அலுவலகத்தினருக்கும் பயன்படலாம் என்பதால், நாங்கள் எப்படி யோசித்தோம், எங்கே தவறாக யோசித்தோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், அந்தப் பாடக்குறிப்பில் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த இத்தகைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். ‘ஜே’ என்ற எழுத்தின் இடத்தில் ‘த’ இருக்கும். ‘கே’யின் இடத்தில் ‘ம’, ‘பி’யின் இடத்தில் இகரக் கொக்கி, ‘ஓ’வின் இடத்தில் ‘ழ’, செமிகோலனின் இடத்தில் புள்ளி. ஆகவே கண் ‘தமிழ்’ என்று படிக்கும் சொல், கோப்புக்குள் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. எழுத்துருவின் உருவத்தைப் பார்க்க முடியாத திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருள், உள்ளே கிடப்பதை உள்ளபடி வாசிக்கிறது. அன்று என் காதில் விழுந்தது, நம் மொழியின் பெயர்.

தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தமிழுக்கான குறியேற்றத் தரமாக ஏற்று அறிவித்துவிட்டது. ஆனால் நம் ஊர் டி.டி.பி. நிலையங்களில் இன்றும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல்; அதற்கு யூனிகோடு தெரியாது. அந்த நிலையங்களில் உழைப்பவர்களை நான் குறைகூற மாட்டேன். இருபது ஆண்டுகளாகத் திருமண அழைப்பிதழிலிருந்து முனைவர் பட்ட ஆய்வேடு வரை நெல்லைச் சீமையின் அச்சுத் தமிழைச் சுமந்தவர்கள் அவர்கள். அச்சாகும் தாளுக்கு எந்தக் குறியேற்றமாக இருந்தாலும் ஒன்றுதான். அதே கோப்பை பி.டி.எஃப். ஆக்கி மாணவர் கைப்பேசிக்கு அனுப்பத் தொடங்கியபோதுதான் பழைய வழக்கம் ஒருவருடைய படிப்பை மறிக்கத் தொடங்கியது.

குழுவின் முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு தரநிலையோடு வந்திருந்தோம். நான் நூலகன் என்பதால் பி.டி.எஃப்./ஏ என்றேன். நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19005 தரம் அது. ஆவணக் காப்பகங்கள் பலவும் விரும்புவது. எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கச் சொல்கிறது; வெளியிலிருந்து எதையும் எடுத்துவர வேண்டிய தேவையை நீக்குகிறது. அவ்வளவு கட்டுக்கோப்பானது அணுகல்தன்மைக்கும் போதுமானதாக இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை பிழையானது. அந்தத் தரத்தில் பல நிலைகள் உண்டு. ‘பி’ என்று முடியும் நிலை, ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் பக்கம் இன்று தோன்றுவது போலவே தோன்ற வேண்டும் என்பதை மட்டுமே கேட்கிறது. ‘யூ’ நிலை, எழுத்துகளுக்கு யூனிகோடு இணை வேண்டும் என்கிறது. ‘ஏ’ நிலைதான் கட்டமைப்பையும் கேட்கிறது. நடைமுறையில் பெரும்பாலான கோப்புகள் ‘பி’ நிலையில் நின்றுவிடுகின்றன, ஏனெனில் அதுவே எளிது. எங்கள் நூலகத்தில் நான் பெருமையோடு சேமித்து வைத்திருந்த பழைய ஆண்டு மலர்கள் யாவும் ‘பி’ நிலையைச் சேர்ந்தவை. அவற்றில் பாதி, வருடிய படங்களின் கோவை. கண்ணுக்கு நூறு ஆண்டு நிலைக்கும். செவிக்கு ஒரு சொல்லும் இல்லை. பாதுகாப்பும் அணுகலும் வேறு வேறு தேவைகள் என்பதை நூலகத் துறையில் இருக்கும் நண்பர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தக் குழப்பம் எங்கள் துறையில்தான் மிகுதி.

பேராசிரியை முன்வைத்தது பி.டி.எஃப்./யூ.ஏ. இது ஐ.எஸ்.ஓ. 14289 என்ற எண்ணில் 2012இல் வெளிவந்து 2014இல் திருத்தம் பெற்றது. இதன் அருமையைப் புரிந்துகொள்ள, பி.டி.எஃப். கோப்பு என்பது என்ன என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். எந்த வடிவத்தைப் பக்கத்தின் எந்த இடத்தில் வரைய வேண்டும் என்ற கட்டளைகளின் தொகுப்புதான் அது. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணையின் முதல் வரிசை என்ற அறிவு அதற்கு இயல்பாகக் கிடையாது. பெரிய எழுத்தில் தடித்து இருப்பது தலைப்பு என்பதைக் கண்ணுள்ளவர் தாமே உணர்ந்துகொள்கிறார். பி.டி.எஃப்./யூ.ஏ., பக்கத்துக்குப் பின்னால் ‘டேக்’ எனப்படும் குறிச்சொற்களால் ஒரு மரத்தைக் கட்டச் சொல்கிறது. பொருளுள்ள ஒவ்வொன்றும் அந்த மரத்தில் முறையான வரிசையில் இடம்பெற வேண்டும்; பக்க ஓரத்து அலங்காரக் கோடு போன்றவை வாசிப்பிலிருந்து விலக்கப்பட வேண்டும்; படங்களுக்கு அவற்றைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரை வேண்டும்; அட்டவணையில் எது தலைப்புக் கட்டம் என்பது குறிக்கப்பட வேண்டும்; தலைப்பு நிலைகள் ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவக் கூடாது; ஆவணத்தின் மொழி அறிவிக்கப்பட வேண்டும்; பூட்டுப் போடுகிறோம் என்று திரைவாசிப்பானின் வழியையும் சேர்த்து அடைக்கக் கூடாது.

அலுவலகக் கண்காணிப்பாளரின் நிலைப்பாடு வேறு. சட்டம் எதைக் கேட்கிறதோ அதைச் செய்வோம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். அது சோம்பலால் வந்த சொல் இல்லை. இரண்டு எழுத்தர்களை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மாணவர்களின் சான்றிதழையும் சுற்றறிக்கையையும் பார்க்கும் ஒருவரின் நியாயமான கவலை. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 42ஆம் பிரிவில் அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களில் உள்ள உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவத்தில் கிடைப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின்மேல் வைக்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் 2017இல் வந்த விதிகளில், 2023ஆம் ஆண்டு மே மாதத் திருத்தத்தின் வழியாக இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 17802 சேர்க்கப்பட்டது. இரண்டு பாகங்கள் கொண்ட தரம் அது: 2021இல் வெளிவந்த முதற்பாகம் தேவைகளையும், 2022இல் வெளிவந்த இரண்டாம் பாகம் அவற்றைச் சோதிக்கும் முறையையும் சொல்கின்றன. ஐரோப்பாவின் இ.என். 301 549 தரத்தின் வழியில் அமைந்தது. ஆனால் 2024 நவம்பர் 8ஆம் நாள், ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விதிகளில் 15(1) சட்டத்தோடு முரண்படுகிறது என்று தீர்ப்பளித்தது. கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் வழிகாட்டுதலாக நிறுத்திவிட்டது என்பதே காரணம். தீர்ப்பின் செய்தியைக் கண்காணிப்பாளரே கூட்டத்தில் வாசித்தார். வாசித்து முடித்ததும், “அப்போ கொறச்சுச் செஞ்சாலும் நம்ம திரும்பச் செய்யணும், சார்” என்றார். குழுவில் அவர் சொன்ன சொற்களில் இதுவே எனக்கு மிகவும் பயன்பட்டது. குறைந்தபட்சத்தைத் தேடுவது செலவைக் குறைக்காது என்பதை எங்களில் எவரையும்விட முன்னதாக அவர் கண்டுகொண்டார்.

ஐ.எஸ். 17802, இ.என். 301 549 ஆகிய இரண்டின் உள்ளேயும் இருப்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள். இதன் 2.0 பதிப்பு 2008இலும், 2.1 பதிப்பு 2018இலும், 2.2 பதிப்பு 2023இலும் வந்தன. உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், உறுதியாக நிற்க வேண்டும் என்ற நான்கு கொள்கைகளின்கீழ் சோதிக்கத்தக்க அளவுகோல்களை இது வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொரு அளவுகோலும் ஒற்றை ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்ற ஏறுமுக நிலைகளில் ஒன்றைச் சேரும். பெயரில் இணையம் இருந்தாலும், இ.என். 301 549 தன் பத்தாம் பிரிவில் இந்த அளவுகோல்களை வலைத்தளம் அல்லாத ஆவணங்களுக்கும் பொருத்திச் சொல்கிறது. மைய அரசின் வலைத்தளங்களுக்கான வழிகாட்டுதல்களின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு கேட்பதும் 2.1இன் இரட்டை ஏ நிலையைத்தான். 2.2 புதியதாயிற்றே என்று பேராசிரியை கேட்டார். அதில் கூடுதலாக வந்த ஒன்பது அளவுகோல்களைப் படித்துப் பார்த்தோம். பொத்தானின் அளவு, இழுத்து நகர்த்துதல், உள்நுழையும் முறை என்று பெரும்பாலும் ஊடாடும் பக்கங்களைப் பற்றியவை. படிப்பதற்கென்றே இருக்கும் பாடக்குறிப்புக்கு அவற்றால் பெரிய மாற்றம் இல்லை. 2.1 போதும் என்று எளிதாக முடிவாயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்த வழிகாட்டுதல்களும் பி.டி.எஃப்./யூ.ஏ.வும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நாங்கள் இரண்டு கூட்டங்கள் வரை வாதிட்டுக்கொண்டிருந்தோம். அவை ஒரே வினாவுக்கு விடை சொல்பவை இல்லை. வழிகாட்டுதல்கள், வாசகருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. எந்த வடிவக் கோப்பானாலும் அது பொருந்தும். பி.டி.எஃப்./யூ.ஏ., அந்தப் பயன் கிடைக்கும்படி ஒரு பி.டி.எஃப். கோப்பின் உள்ளமைப்பை எப்படிக் கட்ட வேண்டும் என்பதைச் சொல்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற நிறமாறுபாடு வேண்டும் என்பது வழிகாட்டுதல்களில் இருக்கிறது; பி.டி.எஃப்./யூ.ஏ.வில் அத்தகைய விகிதம் கிடையாது. கட்டுமான நுணுக்கங்கள் பி.டி.எஃப்./யூ.ஏ.வில் இருக்கின்றன, வழிகாட்டுதல்களில் இல்லை. சாம்பல் நிற எழுத்தில் அச்சாகும் எங்கள் தேர்வு அட்டவணை, மங்கிய பார்வை உடைய மாணவி ஒருவருக்குத் தெரியாமல் போவதை வழிகாட்டுதல்கள்தான் பிடிக்கும்.

தரநிலைகளைப் பற்றிய பேச்சு இத்தோடு முடிந்திருந்தால், நாங்கள் தவறான இடத்தில் நின்றிருப்போம். பேராசிரியை ஒரு சோதனை செய்தார். மாணவர் கொண்டுவந்த அதே பாமினிக் கோப்பை எடுத்து, மூன்று நாள் உட்கார்ந்து முறையாகக் குறிச்சொல் இட்டார். தலைப்புகள், பத்திகள், அட்டவணைகள், மாற்று உரை, ஆவணத் தலைப்பு, மொழி தமிழ் என்ற அறிவிப்பு, எதையும் விடவில்லை. பிறகு இலவசமாகக் கிடைக்கும் பி.ஏ.சி. என்ற சோதனைக் கருவியில் இட்டார். எல்லா இடத்திலும் பச்சைக் குறி. பி.டி.எஃப்./யூ.ஏ. சோதனையில் ஒரு பிழையும் இல்லை. கோப்பை மாணவரிடம் கொடுத்தோம். மீண்டும் ஜே, கே, பி, ஓ.

இதற்கான காரணம் நுட்பமானது. தமிழில் ஆவணம் உருவாக்கும் எவரும் இதை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு இணை இருக்க வேண்டும் என்று தரம் கேட்கிறது. பாமினிக் கோப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் இணை இருக்கத்தான் செய்கிறது. அது ஆங்கில எழுத்தின் இணை. இணை உண்டா என்று கருவி பார்க்கும். அது சரியான இணைதானா, கண்ணுக்குத் தெரியும் ‘த’வுக்கு உள்ளே உண்மையில் ‘த’ இருக்கிறதா என்பதை அது அறியாது. பி.டி.எஃப். சங்கம் 2013இல் வெளியிட்ட மேட்டர்ஹார்ன் நெறிமுறை, பி.டி.எஃப்./யூ.ஏ.வை 31 சோதனைப் புள்ளிகளாகவும் 136 தோல்வி நிலைகளாகவும் பிரித்துத் தருகிறது; அவற்றுள் ஒரு பகுதியை மனிதர்தான் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. பச்சைக் குறியைக் கண்டதும் நாங்கள் அந்தப் பகுதியை மறந்துவிட்டோம்.

யூனிகோடுக்கு மாறிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யெழுத்துக்கு இடப்புறம் எழுதப்படுகின்றன. ஆனால் யூனிகோடில் மெய்க்குப் பின்னரே அவை சேமிக்கப்படுகின்றன. ‘நெல்லை’ என்ற சொல்லில் முதலில் ‘ந’வும் அதன்பின் கொம்பும் கோப்பில் இருக்கும், திரையில் காட்டும்போது கொம்பு முன்னே வரும். பி.டி.எஃப். ஆக்கும் மென்பொருள் சில வேளைகளில் காட்டும் வரிசையையே உள்ளேயும் எழுதிவிடுகிறது. அத்தகைய கோப்பிலிருந்து அந்தச் சொல்லை நகலெடுத்து ஒட்டினால் ‘ெநல்ைல’ என்று வரும். இணையத்தில் இத்தகைய எழுத்துகளைப் பார்த்திராத தமிழர் இருக்க மாட்டார். ஒகர, ஓகாரங்களின் நிலை இன்னும் மோசம். குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் சிதறிவிடும். தாமிரபரணியின் பழம்பெயரான ‘பொருநை’யை இப்படிப்பட்ட கோப்பு ஒன்றிலிருந்து கேட்டபோது, அது ஆற்றின் பெயர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கோப்பில் தேடினாலும் கிடைக்காது. ஆகவே இது பார்வையற்றோரின் தொல்லை மட்டுமில்லை; தேடிப் படிக்க விரும்பும் ஒவ்வொருவருடைய தொல்லையும்கூட. பி.டி.எஃப். இதற்குத் தீர்வு வைத்திருக்கிறது. குறிப்பிட்ட வடிவத் தொகுதிக்கு உரிய உண்மையான உரை இதுதான் என்று உள்ளே தனியாக எழுதிவைக்க ஒரு பண்பு உண்டு. ஏற்றுமதி செய்யும் மென்பொருள் அதைச் சரியாக எழுதினால் சொல் முழுமையாக வரும். எழுதுகிறதா என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தை ஏற்றுமதி செய்து, திரும்ப நகலெடுத்துப் பார்த்துத்தான் அறிய முடியும்.

இந்தச் சோதனைக்குப் பிறகே எங்கள் முடிவு உருப்பெற்றது. எந்த உலகத் தரத்தை ஏற்றாலும், அதற்கு முன்பாகத் தமிழுக்கென ஒரு விதியை வைத்தோம்: ஆவணம் யூனிகோடில் இருக்க வேண்டும், அதில் ஏதேனும் ஒரு பக்கத்தை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டினால் எழுத்து குலையாமல் வர வேண்டும், பிறகு தமிழ்க் குரலில் இரண்டு பக்கங்களையாவது ஒருவர் கேட்டுச் சரி என்று கையொப்பமிட வேண்டும். கேட்பதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் இலவசம், அதனோடு வரும் ஈஸ்பீக் ஒலிப்பானுக்குத் தமிழ் தெரியும். குரல் இயந்திரத்தனமாக இருக்கும். ஆனால் கோப்பில் உள்ளதை அப்படியே சொல்லும். எங்கள் எழுத்தர்கள் இருவரும் இப்போது அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த விதிக்கு மேல், எல்லா வடிவக் கோப்புகளுக்கும் பொதுவாக ஐ.எஸ். 17802ஐ, அதாவது வழிகாட்டுதல்களின் 2.1 பதிப்பின் இரட்டை ஏ நிலையை, அடிப்படையாக வைத்தோம். பி.டி.எஃப். ஆகவே இருந்தாக வேண்டியவற்றுக்கு, முத்திரையும் கையொப்பமும் கொண்ட சுற்றறிக்கை, மதிப்பெண் விவரம், தேர்வு அட்டவணை போன்றவற்றுக்கு, பி.டி.எஃப்./யூ.ஏ.வின் முதற்பாகத்தைக் கூடுதலாக வைத்தோம். பி.டி.எஃப். 2.0ஐ அடிப்படையாகக் கொண்ட இரண்டாம் பாகம் 2024இல் வந்துவிட்டது. கணிதச் சூத்திரங்களை முறையாகப் பொதியும் வழி அதில் இருப்பதால் எங்கள் கணிதத் துறை அதை விரும்பியது. எனினும் எங்களிடம் உள்ள கருவிகளும் மாணவர்களின் கணினிகளும் முதற்பாகத்துக்கே பழகியவை. மாணவர் கையில் வேலை செய்யாத புதுமையால் பயனில்லை என்பதால் அதைத் தள்ளி வைத்தேன். கணிதத் துறையினருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பாடக்குறிப்புகளைப் பற்றித்தான் மிக நீண்ட விவாதம் நடந்தது. மாணவரிடம், எந்த வடிவம் உங்களுக்கு வசதி என்று ஐந்தாவது கூட்டத்தில்தான் கேட்டோம். முதல் கூட்டத்திலேயே கேட்டிருக்க வேண்டும். தாம் பெரும்பாலும் படிப்பது கைப்பேசியில், அதுவும் ஊருக்குப் போகும் பேருந்தில் என்றார். கைப்பேசியில் பி.டி.எஃப். திறந்தால், எவ்வளவு அருமையாகக் குறிச்சொல் இட்டிருந்தாலும், அவர் வைத்திருக்கும் செயலி தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ விடுவதில்லை. பக்கம் பக்கமாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். மின்னூல்களுக்கான இ-பப் கோப்பில் இயல்களுக்கு இடையே தாவலாம். நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாம். மங்கிய பார்வை உடைய மாணவிக்கோ, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடிந்துகொள்வதுதான் முக்கியம். பி.டி.எஃப். பக்கத்தைப் பெரிதாக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கிறது என்று அவர் தனியே வந்து சொன்னார். ஆகவே பாடக்குறிப்புகள் அனைத்தும் இ-பப் வடிவில் என்று முடிவாயிற்று. அதற்கெனத் தனித் தரம் இருக்கிறது. இ-பப் அணுகல்தன்மை 1.1 என்பது 2023 மே மாதம் டபிள்யூ3சி பரிந்துரையாக வெளிவந்தது. இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களையே அடித்தளமாகக் கொண்டு, நூல் எத்தகைய அணுகல் வசதிகள் உடையது என்பதைக் கோப்பின் விவரத் தரவிலேயே எழுதி வைக்கும்படி அது கேட்கிறது. நூலகப் பட்டியல் தயாரிக்கும் எனக்கு இந்தக் கடைசி ஏற்பாடு மிகவும் பிடித்தது. நூலைத் திறப்பதற்கு முன்பே, இது தமக்கு ஆகுமா என்று வாசகர் அறிந்துகொள்ளலாம்.

பாளையங்கோட்டைக்கு இந்தத் தேடல் புதிதும் இல்லை. ஆஸ்க்வித் என்ற ஆங்கிலப் பெண்மணியின் முயற்சியால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கான பள்ளி இவ்வூரில் தொடங்கிவிட்டது. அக்காலத்தில் இந்திய மொழிகளுக்குப் பலவிதமான பிரெயில் முறைகள் இருந்தன. ஒரு முறையில் கற்றவர் இன்னொரு முறையில் அச்சான நூலைத் தடவிப் படிக்க முடியாது. 1951இல் பாரதி பிரெயில் என்ற பொது முறை ஏற்கப்பட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. எழுத்துரு மாறினால் படிக்க முடியாமல் போகும் இன்றைய கோப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

செயல்படுத்துவதைப் பற்றிச் சில சொற்கள். பி.டி.எஃப். ஆன பிறகு குறிச்சொல் இடுவது முதுகை ஒடிக்கும் வேலை. பேராசிரியையின் மூன்று நாட்களே சான்று. மூலக் கோப்பிலேயே சரியாகச் செய்துவிட்டால் பெரும்பகுதி தானே வந்துவிடும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதுபடுத்துவதை விட்டு, வேர்டிலோ லிப்ரேஆஃபீஸிலோ உள்ள தலைப்புப் பாணியைப் பயன்படுத்த வேண்டும். வேர்டில் அச்சிடும் வழியாக பி.டி.எஃப். எடுக்கக் கூடாது, அப்படி எடுத்தால் குறிச்சொற்கள் உதிர்ந்துவிடும். சேமிக்கும் வழியாக எடுக்க வேண்டும். லிப்ரேஆஃபீஸில் 7.0 பதிப்பு முதல் பி.டி.எஃப்./யூ.ஏ. என்றே ஒரு தேர்வு உண்டு. பழைய வினாத்தாள்களை வருடி, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் எழுத்துணர்த்தி வழியே எடுத்தபோது, துணைக்காலும் ரகரமும், ணகரமும் னகரமும் இடம் மாறி வந்தன. ஒவ்வொரு தாளையும் ஒருவர் மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். அதனால் பழையவை அனைத்தையும் திருத்தும் ஆசையை விட்டுவிட்டு, கடந்த ஐந்து ஆண்டு வினாத்தாள்களையும் நடப்புப் பாடக்குறிப்புகளையும் மட்டும் முதலில் எடுத்தோம். மற்றவற்றில் யார் எதைக் கேட்டாலும் ஒரு வாரத்துக்குள் திருத்தித் தருவது என்று எழுத்துப்பூர்வமாக அறிவித்திருக்கிறோம்.

முதலில் முடிந்தது, மாணவர் அன்று கொண்டுவந்த அதே வரலாற்றுப் பாடக்குறிப்பு. யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, இ-பப் ஆக்கினோம். அதில் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளைப் பற்றி ஓர் அட்டவணை இருக்கிறது; கோடைமேலழகியானில் தொடங்கி, நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று வந்து ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். மருதூருக்கு மேலக்கால், கீழக்கால் என்றும், ஸ்ரீவைகுண்டத்துக்கு வடகால், தென்கால் என்றும் இரண்டிரண்டு கால்வாய்கள் உண்டு. மூல அட்டவணையில் அணைக்கட்டின் பெயர் இரண்டு வரிசைக்குமாகச் சேர்த்த ஒரே கட்டத்தில் இருந்தது. கண்ணுக்கு அது அழகாக இருந்தது. கேட்கும்போது ‘கீழக்கால்’ என்ற சொல் எந்த அணைக்கட்டையும் சாராமல் தனித்து நின்றது. கட்டத்தைப் பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் அணைக்கட்டின் பெயரை மீண்டும் எழுதி, முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறித்துக் கொடுத்தோம். மாணவர் கேட்டார். ஒவ்வொரு வரிசையாக இறங்கி, எட்டையும் கேட்டு முடித்து, மேலே போய் மறுபடியும் கேட்டார்.

பிறகு அட்டவணைக்குக் கீழே இருந்த வரைபடத்துக்கு வந்தார். அதற்கு நான்தான் மாற்று உரை எழுதியிருந்தேன்: ‘தாமிரபரணி ஆற்றின் வரைபடம்’. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சார், படம்னு தெரியுது. அதுல எந்தக் கால்வாய் எந்தக் கரையில பிரியுதுன்னு போட்டிருக்கா?” என்று கேட்டார். போட்டிருந்தது. பார்ப்பவர் எவருக்கும் அது ஒரே நொடியில் தெரியும். அன்று மாலை வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்து, பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயல் வரை, ஒவ்வொரு அணைக்கட்டிலும் எந்தக் கால்வாய் இடக்கரையில் பிரிகிறது, எது வலக்கரையில் பிரிகிறது என்று சொற்களில் எழுதத் தொடங்கினேன். நான்காவது அணைக்கட்டு வரை வந்திருக்கிறேன். நாளை வகுப்பு முடிந்ததும் வந்து கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.